வீண் அசைவு

அகிலேஷின் வலது கண் போன அன்று நான் லேபிலேயே இல்லை. காய்ச்சல் என்று விடுதியில் போர்த்திப் படுத்திருந்தேன். இருந்தும் இரண்டு வாரம் கழித்து விசாரணைக் குழு முன்னால் என்னைத்தான் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். லேத்தை ஓட்டியது அவன் கை, ஆனால் அவன் கைக்குள் இருந்தது என் கை. மெக்கானிக்கல் கடைசி ஆண்டில் இருந்த அறுபது பேருடைய கைக்குள்ளும் என் கைதான் இருந்தது.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், பொறியியல் படித்தவனுக்கு ஒரு போல்ட்டை முடுக்கத் தெரியவில்லை என்று ஊரே கேலி பேசியது. கேலி பொறுக்காமல் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: இருநூறு மணி நேரம் தன் கையால் வேலை செய்யாதவனுக்குப் பட்டம் கிடையாது. நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் அறுபது பேருக்கு நான்கு லேத். பிள்ளைகள் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அப்போதுதான் 'கரதலம்' என்ற கம்பெனி ஒரு கையுறையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

முழங்கை வரை ஏறும் கறுப்பு உறை. உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிகள். வேலை தெரிந்தவர் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் விரல் அசைவு, மணிக்கட்டுத் திருப்பம் எல்லாம் பதிவாகும். பிறகு அதே உறையை வேலை தெரியாதவன் போட்டால் கம்பிகள் தசையைச் சுண்டி, பதிவான அசைவை அவன் கையாலேயே செய்ய வைக்கும். நாற்பது மணி நேரம் அப்படிப் போட்டால் போதும், கழற்றிய பிறகும் கை அதையே செய்யும். மூளை எங்கே வேண்டுமானாலும் மேயலாம். எங்கள் துறைத்தலைவர் குழந்தைவேலு சாருக்கு இந்தக் கடைசி விஷயம் மிகவும் பிடித்துப்போனது.

பதிவு செய்ய ஒரு கை வேண்டுமே. என்னைப் பிடித்தார்கள். எங்கள் ஊர் கோபியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள் நான். ப்ளஸ் டூவில் மார்க்கை வாரிக் குவித்துவிட்டு வந்த மகராசன்களுக்கு என்னைப் போன்றவர்கள் பின்வாசல் வழியாக நுழைந்தவர்கள். அப்பா அம்மா ஆசையாக நிறைமதி என்று பெயர் வைத்திருந்தும் வகுப்பில் நான் வெறும் 'டிப்ளமோ'. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் அகிலேஷ். என்னைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அவனைக் கண்டால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும்.

"ஏம்மா நிறைமதி, மூணு வாரம் சாயங்காலத்துல வந்து உறையைப் போட்டுட்டு லேத் ஓட்டிக் குடுத்துரு. நம்ம காலேஜுக்கே பெருமை," என்றார் குழந்தைவேலு சார்.

"சரிங்க சார்," என்றேன். பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும், இன்டர்னலில் முழுசாக மார்க் போட்டால் போதும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாயைத் திறந்து கேட்கவில்லை.

மூன்று வாரம் ஓட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து உறைகள் வந்தன. வருகைப் பதிவே உறைக்குள் நடப்பதால் எல்லோரும் போட்டாக வேண்டும் என்றார்கள்.

"சார், இது என் கைதானுங்களே. நான் எதுக்குங்க போடோணும்?"

"ரூல்ஸ்னா எல்லாத்துக்கும்தாம்மா. போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் வகுப்பில் வகுப்பிலேயே குறைந்த மார்க் எனக்குத்தான். ஒவ்வொரு தடவை லேத்தை ஓட்டும்போதும் உறை ட்டீ ட்டீ என்று கத்தியது. திரையில் சிவப்பாக 'இடது கை விலகல்' என்று வந்தது. எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்றெல்லாம் அது சொல்லவில்லை. கடைசியில் பத்துக்கு நான்கு. அகிலேஷுக்கு ஒன்பது.

"டேய், டிப்ளமோவுக்குத் தன் கையையே ஓட்டத் தெரியலடா!" என்று கத்தினான் அகிலேஷ். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குழந்தைவேலு சாரும் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் மார்க்கு மார்க்குதானே. அடுத்த வாரம் இடது கையை இறுக்காமல் உறையின் இஷ்டத்துக்கு விட்டேன். ஆறு வந்தது. அதற்கடுத்த வாரம் எட்டு. ஆறாவது வாரம் பத்துக்குப் பத்து வந்தபோது கேன்டீனில் எனக்கு நானே ஒரு பப்ஸ் வாங்கித் தின்றேன். அந்தப் பப்ஸை நினைத்தால் இப்போதும் தொண்டையில் நிற்கிறது.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. பிறகுதான் அகிலேஷ்.

லேத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரும்பைச் சுழல விட்டுக் கடையும் இயந்திரம் அது. சுழலப்போகும் இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் தலைக்கு 'சக்' என்று பெயர். அதை இறுக்குவது கையளவுள்ள ஒரு இரும்புச் சாவி. இறுக்கியதும் சாவியை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மெஷினை ஓட விட்டால் சாவி சுழன்று தெறிக்கும். எதிரில் யார் நின்றாலும் அவர் கதி அதோகதிதான். கையை எடுத்ததும் தானே வெளியே துள்ளிவிடும் ஸ்பிரிங் சாவியும் உண்டு. எங்கள் லேபிலும் வாங்கினார்கள். இறுக்க விடாமல் தள்ளுகிறது என்று ஸ்பிரிங்கை ஒரே மாதத்தில் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

அன்று அகிலேஷ் சக்கை இறுக்கிக்கொண்டிருந்தபோது, "டேய், பிளேஸ்மென்ட் லிஸ்ட் வந்துருச்சுடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தியிருக்கிறார்கள். திரும்பிப் போனைப் பார்த்தான். லிஸ்ட்டில் அவன் பெயர் இருந்தது, பெரிய கார் கம்பெனியில் வேலை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே திரும்பினான். சாவியை எடுக்கும் அசைவு விட்டுப்போக, கை அதற்கு அடுத்த இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தியது. சாவி சக்கிலேயே இருந்தது.

விசாரணைக்கு வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் எஸ்தர் ராஜகுமாரியை வரவழைத்திருந்தார்கள். வெள்ளை முடி, பருத்திப் புடவை, யாரையும் நம்பாத முகம். அவருக்கு ஒரு பக்கம் குழந்தைவேலு சார். இன்னொரு பக்கம் கரதலத்திலிருந்து வந்த அபிநயா. சுவரோரம் ஒரு நாற்காலியில் அகிலேஷ், வலது கண்ணில் கட்டோடு. என்னை வெளியே தள்ளுவதைப் பார்க்கவே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறான் என்று தெரிந்தது. மிச்சமிருந்த ஒரு கண்ணால் என்னை முறைத்துக்கொண்டே இருந்தான்.

அபிநயா கையில் அறிக்கை தயாராக இருந்தது. "எங்க உறை எதையும் கண்டுபிடிக்காது மேடம். பதிவானதைத் திருப்பிச் செய்யும், அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவியைப் பார்க்கிற பழக்கம் மூலக்கையில இல்ல. அதனால இந்தப் பையன் கையிலயும் இல்ல. பழுது மூலத்துல இருக்கு."

"மூலம்னா இந்தப் பொண்ணா?" என்று எஸ்தர் மேடம் என்னைப் பேனாவால் சுட்டினார்.

"ஆமா மேடம்."

"அப்படி முடிவானா?"

குழந்தைவேலு சார் தொண்டையைச் செருமினார். "மூணு வருஷம் பரீட்சை எழுத விடாம டிபார் பண்ணோணும் மேடம். பையனோட அப்பா போலீஸ் கம்ப்ளைன்டும் குடுப்பேங்கறார். நம்ம பக்கம் ஒண்ணும் தப்பில்லைன்னு பேப்பர்ல இருந்தாத்தான் காலேஜுக்கு நல்லது."

என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல் இதைச் சொன்னார். பெருமை பெருமை என்ற வாய் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பொய்யிங்க மேடம்," என்றேன். "நான் தொட்டுப் பார்ப்பேனுங்க. ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். பாலிடெக்னிக் மொத வருஷத்துல ஒரு தடவை நானே சாவியை எடுக்காம மெஷினைப் போட்டுட்டேன். காதை ஒட்டிப் பறந்து போய் ஜன்னல் கண்ணாடியைத் தூள் பண்ணுச்சு. ஒரு வாரம் சோறு எறங்கலைங்க. அன்னைலருந்து, சாவியை எடுத்து ஏப்ரன் இடது பையில போடுவேன். பச்சைப் பொத்தானை அமுக்கறதுக்கு முன்னால இடது கை போய்ப் பையைத் தொடும். சாவி இருந்தாத்தான் வலது கை நகரும். யாரும் சொல்லித் தரலைங்க, பயத்துல வந்தது."

அபிநயா சுவரில் பதிவை ஓட விட்டார். சாம்பல் நிறத்தில் இரண்டு கைகள், எலும்பு மட்டும். என் கைகள்தான், கட்டை விரலை வளைக்கும் தினுசைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். இடது கை சாவியைப் பையில் போட்டது. இரும்பை வெட்டும் டூலைச் சரிபார்த்தது. வலது கை பொத்தானுக்குப் போனது. நடுவில் இடது கை பையைத் தொடவில்லை. மறுபடி ஓட விட்டார். மறுபடியும் தொடவில்லை.

"இதுல வெட்டியிருக்கீங்க," என்றேன்.

"வெட்டலை. மெருகேத்துவோம்," என்றார் அபிநயா. "ஒருத்தர் கையைப் பதிவு பண்ணா மூக்கைச் சொறியறது, முடியை ஒதுக்கறதுன்னு எல்லாம் சேர்ந்து வரும். அதையெல்லாம் மென்பொருள் தானா எடுத்துரும். எந்த அசைவால இரும்புத் துண்டுல எந்த மாற்றமும் வரலையோ, அது வீண் அசைவு."

"பையைத் தொடறதால இரும்புல என்ன மாற்றம் வரும்?" என்று எஸ்தர் மேடம் கேட்டார்.

அபிநயா அறிக்கையைப் புரட்டினார். "ஒண்ணும் வராது. ஆனா அப்படி ஒரு அசைவு இருந்துச்சுன்னு நான் ஒத்துக்கலை."

"வெட்டாத பதிவு எங்கே?"

"ஒரு மாசத்துல அழிச்சிருவோம் மேடம். ஒருத்தரோட கையசைவு அவங்க அந்தரங்கம் இல்லையா?"

அந்தரங்கமாம். அறுபது பேருக்கு என் கையைப் பங்கு போட்டுக் கொடுத்தவர்களுக்கு அந்தரங்கம் நினைவுக்கு வந்த நேரத்தைப் பாருங்கள்.

"இன்னும் நேரத்தைக் குறைங்கன்னு எழுதிக் கேட்டதே உங்க துறைதானே சார்?" என்று அபிநயா குழந்தைவேலு சாரைப் பார்த்தார்.

"நாலு லேத்துல அறுபது பேரை மூணு மணி நேரத்துல முடிக்கோணுமே! நேரத்தைத்தாங்க குறைக்கச் சொன்னேன், வேற எதையும் சொல்லலை," என்றார் அவர்.

நான் பையிலிருந்து பழைய ஏப்ரனை எடுத்து மேஜையில் விரித்தேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் போட்டது. இடது பை மட்டும் கிரீஸ் ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தது. சாவியின் கனத்தில் அடித்துணி கிழிந்து, அம்மா இரண்டு தடவை ஒட்டுப் போட்டிருந்தாள். வலது பை நேற்று எடுத்ததுபோல் இருந்தது.

"தொடாமயா இப்படி ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

எஸ்தர் மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தார். அபிநயா சிரித்தார். "அழுக்குத் துணி சாட்சி சொல்லுமா மேடம்? இவங்க கையில அந்தப் பழக்கம் இருந்தா இப்பவும் இருக்கணும் இல்லையா? கீழே லேப் இருக்கு. ஓட்டிக் காட்டட்டும்."

"இப்பவே காட்டறேன்," என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம். எந்தப் பதிவை வெட்டினாலும் என் கை என்னிடம்தானே இருக்கிறது என்ற தைரியம்.

எல்லோரும் கீழே இறங்கினோம். லேபில் வேறு யாரும் இல்லை. மூன்றாவது லேத்தின் பக்கத்துச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. நான் நான்காவது லேத்துக்குப் போனேன். உறை இல்லாமல், வெறுங்கையோடு, பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு. அகிலேஷ் சக்குக்கு நேராக நிற்காமல் ஒதுங்கிப் பக்கவாட்டில் போய் நின்றான்.

துண்டை வைத்தேன். சாவியைப் போட்டு இறுக்கினேன்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் அபிநயா. "அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? எனக்கு இங்கருந்து தெரியலை."

திரும்பினேன். "'ஷூ இல்லாமல் உள்ளே வரக்கூடாது'ன்னு போட்டிருக்குங்க," என்றேன். அவர் எதற்குக் கேட்டார் என்று எனக்கு உறைக்கவில்லை. வேலையைத் தொடர்ந்தேன். டூலைச் சரிபார்த்தேன். வலது கை பச்சைப் பொத்தானை நோக்கிப் போனது.

"சாவி!"

மணிக்கட்டில் பளீர் என்று ஓர் அடி விழுந்தது. அகிலேஷ். என் கையைத் தட்டிவிட்டு, அவனுடைய இடது கை சக்கிலிருந்து சாவியைப் பிடுங்கியிருந்தது. சாவியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுங்கினான்.

நான் என் இடது கையைப் பார்த்தேன். அது இடுப்புப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பையைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. இந்தக் கை எப்போது இப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

"இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?" என்றார் அபிநயா. "மூலத்துலயே இல்ல."

குழந்தைவேலு சார் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். எஸ்தர் மேடம் பேனாவைத் திறந்தார். மூன்று வருஷம் போனது, கோபிக்கு எந்த முகத்தோடு போவது, என்றெல்லாம்கூட அந்த நேரத்தில் ஓடவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒரு நிமிஷம்." அகிலேஷ்தான் பேசினான். "நான் இவளுக்காகப் பேசலை. இவளை எனக்குப் பிடிக்காது. இவளால கண்ணு போச்சுன்னுதான் காலைல வரைக்கும் நெனச்சுட்டிருந்தேன்."

"சொல்லுப்பா."

"உறை வந்த மொத நாள் இவளுக்கு நாலு மார்க்குதான் வந்துச்சு. அவ கையை அவளே போட்டுட்டு நாலு மார்க். நாங்க அத்தனை பேரும் சிரிச்சோம், நான்தான் ஆரம்பிச்சேன். ஸ்கிரீன்ல 'இடது கை விலகல்'னு சிவப்பா வந்துட்டே இருந்துச்சு." சாவியை இன்னும் விடவில்லை அவன். "வலது கையில ஒரு விலகலும் இல்ல மேடம். இடது கை மட்டும் எங்க போகப் பார்த்துச்சு?"

எஸ்தர் மேடம் பேனாவை மூடிவிட்டு, "இன்டர்னல் பதிவெல்லாம் எங்கே இருக்கு சார்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஆபீஸ்ல... தேடோணுங்க மேடம்," என்று இழுத்தார் குழந்தைவேலு சார்.

"தேடுங்க. நான் இங்கேயே ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேன்."

மார்க்கைத் தூக்கிப் போடும் வழக்கம் எங்கள் காலேஜில் கிடையாது. எதை அழித்தாலும் இன்டர்னலை அழிக்க மாட்டார்கள், பிள்ளைகளை மிரட்ட அதுதானே இருக்கிறது. அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. முதல் நாள் நான் லேத்தை ஓட்டியது பதினான்கு தடவை. இடது கை விலகல் பதினான்கு. ஒவ்வொன்றும் பொத்தானை அழுத்துவதற்குச் சரியாக ஒரு விநாடி முன்னால். இரண்டாவது வாரம் ஒன்பது. மூன்றாவது வாரம் நான்கு. ஆறாவது வாரம் ஒன்றுமில்லை. பக்கத்தில் குழந்தைவேலு சாரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'நல்ல முன்னேற்றம்.'

எஸ்தர் மேடம் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். "பதினாலு தடவை இந்தப் பொண்ணு கை சாவியைத் தேடிப் போயிருக்கு. பதினாலு தடவையும் உங்க உறை பிடிச்சு நிறுத்தியிருக்கு. நீங்க மார்க்கைக் குறைச்சிருக்கீங்க. அது தேடறதை விட்டதும் முன்னேற்றம்னு எழுதியிருக்கீங்க." பிறகு அபிநயாவைப் பார்த்து, "மூலத்துல இருந்துச்சும்மா. மூலத்துல இருந்ததையும் சேர்த்துப் பிடுங்கிட்டீங்க," என்றார்.

அபிநயா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழந்தைவேலு சார் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, தொட்டுப் பார்ப்பேன்னு அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"நாலு மார்க் போடறப்ப ஏன்னு நீங்க கேட்டிருக்கலாமுங்க சார்," என்றேன். நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

நான் தப்பித்தேன். டிபார் இல்லை, போலீஸ் இல்லை. உறையைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தால் அதுதான் நடக்கவில்லை. இனிப் பதிவில் ஓர் அசைவைக்கூட வெட்டக்கூடாது என்று எஸ்தர் மேடம் எழுதினார். உறை போட விரும்பாதவர்கள் வெறுங்கையால் ஓட்டினாலும் மணிக்கணக்கு சேரும் என்றும் எழுதினார். விலகல் மார்க்கை மட்டும் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்கவில்லை. உறை இல்லையென்றால் இன்டர்னலில் பூஜ்யம், எழுத்துத் தேர்வில் வாங்கித் தேறிக்கொள் என்றுவிட்டது.

கரதலத்துக்குப் புதிய கை வேண்டியிருந்தது. சாவியை ஒருபோதும் மறக்காத கை. அவர்கள் அகிலேஷிடம் போனார்கள். கார் கம்பெனி ஒற்றைக் கண்ணனை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. கரதலம் வேலை தருகிறோம் என்றது. அவனும் சரி என்றான்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.

"ஒரு கண்ணு போனதுக்கு எனக்கு வேற யாரு வேலை தருவா? நீ தர்றியா?" என்றான். பிறகு, "என் கையில இருக்கறதைத்தானே எடுக்கறாங்க. இருந்துட்டுப் போகட்டும்," என்றான். வழிவிட்டேன்.

வெட்டக்கூடாது என்பதால் அவர்கள் வெட்டவில்லை. அதனால் அகிலேஷின் நடுக்கமும் அப்படியே வந்துவிட்டது. இப்போது எங்கள் லேபில் யார் பச்சைப் பொத்தானை அழுத்தினாலும் முதலில் இடது கை சக்குக்குப் போகிறது, கிடுகிடுவென்று நடுங்குகிறது, பிறகுதான் வலது கை நகர்கிறது. கண்ணில் அடி படாதவர்களும் நடுங்குகிறார்கள். எதற்கு நடுங்குகிறோம் என்று ஜூனியர் பிள்ளைகளுக்குத் தெரியாது. கேட்டால் "உறை அப்படித்தான்கா" என்கிறார்கள்.

நான் போடவில்லை. என் கை இருந்த இடத்தில் அவன் பயத்தைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனசில்லை. பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நான்காவது லேத்தில் வெறுங்கையால் ஓட்டினேன். சாவியை இடது பையில் போட்டேன். ஒவ்வொரு தடவையும் "பையைத் தொடு" என்று நானே முணுமுணுத்துக்கொண்டு, இடது கையைச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல் பைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. முணுமுணுக்க மறந்தால் கை தொங்கியபடி நிற்கும். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அகிலேஷ், "ஏய் டிப்ளமோ, சாவி!" என்று கத்துவான். வேண்டுமென்றே கத்துவான், வகுப்பு சிரிக்கும்படி. அத்தனை தடவையும் நான் பையைத் தொட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒவ்வொரு வாரமும் பூஜ்யம்.

கடைசி செமஸ்டரில் ஒரு மத்தியானம். துண்டை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பையன் வந்து, ஹால் டிக்கெட்டில் என் இனிஷியல் தப்பாக இருக்கிறது, உடனே வந்து திருத்திக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றான். எந்த இனிஷியல், யார் செய்த தப்பு என்று அவனோடு மல்லுக்கு நின்று, பிறகு வருகிறேன் என்று அனுப்பினேன். கோபம் தலைக்கேறியிருந்தது. அதே கோபத்தோடு திரும்பி, டூலைச் சரிபார்த்து, பொத்தானுக்கு வலது கையைக் கொண்டுபோனேன். எதையும் முணுமுணுக்கவில்லை. அகிலேஷ் அன்று லேபிலேயே இல்லை.

வலது கை பாதி வழியில் நின்றது. இடது கை ஏப்ரன் பையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

பை காலியாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சாவி சக்கில் இருந்தது. அதை உருவி எடுத்துப் பையில் போட்டேன். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து மெஷினை ஓட்டினேன். அன்றைக்கும் எனக்குப் பூஜ்யம்தான் போட்டார்கள்.